எவ்வளவு கொடுக்குது

விற்றவன் பதினேழு என்றான்.
சாவியோடு தந்த தாளிலும் பதினேழுதான்,
பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி.
குறிக்கான விளக்கம் பின்பக்கத்தில்
எறும்பு ஊர்ந்த மாதிரி.

என் நோட்டில் பதினொன்று புள்ளி மூன்று.

செம்மண்டலத்தில் ஏறி முருங்கப்பாக்கத்தில் இறங்குகிறேன்.
டைல்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் ஒருத்தியைக்
கொண்டுபோய் விட்டுக் கூட்டிவர
ஒன்றேகால் டன் தூக்கும் வண்டி.
தண்ணீர்க் கேன் போட வாங்கியது.
பதினாலே மாதத்தில் வியாபாரம் படுத்துக்கொள்ள
ஞானசுந்தரம் ஷார்ஜாவுக்குப் போனார்.
தவணை போகவில்லை.
சும்மா நின்றால் பேட்டரி இறங்கிடும், ஓட்டு என்றார்.
ஓட்டுகிறேன்.

கன்னியக்கோயில் பங்கில் கழுத்துவரை நிரப்ப வேண்டும்.
கிலோமீட்டரைக் குறிக்க வேண்டும்.
மறுமுறையும் அதே பம்பு, அதே கழுத்து.
பங்கில் வேலைசெய்யும் கலிவரதன்
பின்னாலிருந்து வண்டியை ஒரு குலுக்கு குலுக்குவான்,
குமிழி உடைந்து
இன்னும் முந்நூறு மில்லி இறங்கும்.
எல்லைக்கு அந்தப்பக்கம் மலிவென்று
பாதிக் கடலூர் அங்கே வரிசையில் நிற்கிறது.
நிற்கும்போதே எஞ்சின் குடிப்பதை
யாரும் எழுதுவதில்லை.
நான் எழுதுகிறேன்.

குறைகிற ஐந்து புள்ளி ஏழைத்
தேடிப் பார்த்திருக்கிறேன்.
கொஞ்சம் முள்ளோடையில் கிடக்கிறது,
சாராயக்கடை வாசலில் குறுக்கே நிறுத்திய
பைக்குகளுக்கு நடுவில்.
கொஞ்சம் தவளக்குப்பத்தில்,
கரும்பு டிராக்டரின் முதுகைப் பார்த்தபடி
இரண்டாம் கியரில்.
அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் நிறையவே.
அப்புறம் மணல்மூட்டை.
பின்பக்கம் காலியாய் இருந்தால்
மழையில் வால் வழுக்குகிறது,
அதற்காக இரண்டு மூட்டை.
தினமும் புதுச்சேரிவரை போய்
ஒன்றும் பார்க்காமல் திரும்பும் மணல்.

வாடை மாதங்களில் போகும்போது எதிர்க்காற்று.
தென்றல் மாதங்களில் திரும்பும்போது.
தென்றலை யார் யாரோ எப்படியெல்லாமோ அழைத்திருக்கிறார்கள்.
என் நோட்டில் அது
கழித்தல் புள்ளி நாலு.

ஞாயிறு இரவு போன் வரும்.
சாப்பிட்டாயா என்பதற்கும் முன்னால்,
"வண்டி எவ்வளவு கொடுக்குது?"
சொல்வேன்.
"கிளட்ச்சுல காலை வச்சிக்கிட்டே ஓட்டுற நீ."
உண்மைதான், வைத்திருக்கிறேன்.
முன்னால் போகிறவன் எங்கே நிற்பானென்று தெரியாவிட்டால்
கால் அங்கேதான் இருக்கும்.

போன வாரம் பன்னிரண்டு புள்ளி ஆறு.
இரண்டு முறை வகுத்தேன்.
கலிவரதன் குலுக்க மறந்தானா என்று
அவனிடமே கேட்டேன், கோபித்துக்கொண்டான்.
டயரில் அதே காற்று. அதே மூட்டை. அதே டிராக்டர்.

பிறகுதான் உறைத்தது.
அந்த வாரம் கிருமாம்பாக்கத்தில்
பேக்கிங் செக்‌ஷன் பிலோமின் ஏறிக்கொண்டாள்.
அவளுடைய ஸ்கூட்டி மெக்கானிக்கிடம்.
பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் அவள் வீட்டு ஓனர்,
அவர் மேல் கேஸ் போட்ட மச்சினன்,
கேஸுக்குக் காரணமான முருங்கைமரம்,
வாய்தா வாய்தாவாய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள்.
அறுபதில் போனால் எஞ்சின் சத்தத்தில்
அவள் குரல் கேட்காது.
மரத்தை யார் வெட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள
நாற்பத்தைந்திலேயே போனேன்,
சீராக, முந்தாமல்.
கால் எப்போது கிளட்ச்சை விட்டு இறங்கியது
என்பது நினைவில்லை.

ஞாயிறு இரவு கேட்டார்.
பதினொன்று மூன்று என்றேன்.
"அதே லட்சணம்தான்," என்றார்.

ஸ்கூட்டி நேற்று சரியாகிவிட்டதாம்.

இன்று காலை கிருமாம்பாக்கம் நிறுத்தத்தில்
வண்டியை ஓரங்கட்டினேன்.
மருத்துவக் கல்லூரிப் பேருந்து போனது.
பால் வேன் போனது.
ஏழு நிமிடம்.
எஞ்சினை அணைக்கவில்லை.