ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து

கல்லடியில் மேல்மாடி வாடகை அறை.
இரண்டடிக் கண்ணாடித் தொட்டி வந்திறங்கிய அன்று
வீட்டுக்காரர் கிருபைரத்தினம் படியேறி வந்து
தரையைக் குதிகாலால் ஒருதரம் தட்டிப் பார்த்தார்.
"எத்தனை லீட்டர்?"
நூறு.
"சிலாப் தாங்கும். அக்கம்பக்கத்து வாய் தாங்காது.
மீன் வேணுமெண்டால் சந்தை இருக்கே பிள்ள."

கடலில் கல்லெடுக்கக் கூடாது, சட்டம்.
எடுக்கத் தேவையும் வரவில்லை.
நாவலடியில் மிச்சமாய் நின்ற ஒரு சுவரை
அந்தக் கிழமைதான் இடித்தார்கள்.
பூச்சுக்குள்ளே முழுக்க முருகைக்கல்.
ஏழு துண்டு கேட்டேன், மேசன் எட்டுத் தந்தான்.
ஒன்றில் ஆணி இருந்தது,
கலண்டர் மாட்டிய ஆணியாக இருக்கலாம்.
குறட்டால் பிடுங்கினேன்.
துளை அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்,
யாராவது குடிவருவார்கள்.

தண்ணீர், சனி விடியற்காலை, ஸ்கூட்டியில் ஆறு கேன்.
ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட ரிஃப்ராக்டோமீட்டர் என்னிடம் இருக்கிறது.
இருபது வருடம் வார்டுகளின் சிறுநீர் பார்த்த குழல்.
ஒரு சொட்டு விட்டு ஜன்னல் பக்கம் தூக்கினேன்.
ஒன்று தசம் பூச்சியம் இரண்டு ஐந்து.
இரவெல்லாம் தண்ணீர் குடிக்காமல் எழும்பும் ஆளுக்கும்
இதே அளவு வரும்.
கடலுக்கு என்ன தாகமோ.

பிறகு ஒரு இறாலைத் தோலோடு போட்டு
அழுக விட்டேன்.
கண்ணுக்குத் தெரியாததுகளைத்தான் முதலில் குடியமர்த்த வேண்டும்.
கிழமைக்கு ஐந்து நாள் அதுகளைக் காட்டிக்கொடுத்துச்
சம்பளம் வாங்குகிற நான்
இப்போது சோறு போடுகிறேன்.
சோதனைக் குழாயில் பச்சை, பச்சை, இன்னும் பச்சை.
"மீன் எங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்
உடன் வேலைசெய்யும் துஷாயினி,
மூக்கைப் பொத்திக்கொண்டு.

கார்த்திகையில் மழை பிடித்தது.
முகத்துவாரம் வெட்டிவிட்ட கிழமை
கடலே தேத்தண்ணி நிறம், அளவு பதினேழுக்கு இறங்கிற்று.
வாவி முழுவதும் வந்து கலந்திருந்தது.
மாற்றத் தண்ணீர் இல்லை. மாற்றவில்லை.
தொட்டிக்குள் கல்லும் வெளிச்சமும்,
கல்மேல் மண்ணிறப் பாசியும்.
நிப்ராசுக்கு அழைத்தால்
"சித்திரைக்கு முதல் முழுக ஏலா டீச்சர்" என்கிறான்.
நான் டீச்சர் இல்லை என்று மூன்றுதரம் சொல்லியாயிற்று.

ஒருநாள் இரவு கரண்ட் போனது.
காற்று மோட்டார் நின்ற மௌனத்தில் எழும்பி
கோப்பையால் அள்ளி, உயரத் தூக்கி,
தேத்தண்ணி ஆற்றுவதுபோல் ஆற்றத் தொடங்கினேன்.
மீன் ஒன்றுகூட இல்லாத தொட்டிக்கு
இரண்டு மணிநேரம்.
வாயில் போன். அதன் வெளிச்சத்தில்
பின்பக்கக் கண்ணாடியில்
ஓர் உளுந்தளவு வெள்ளைக் கூம்பு.

அது திறந்தது.
தும்புபோல் ஒரு கை வெளியே வந்து
தண்ணீரை வாரிக்கொண்டு உள்ளே போனது.
மறுபடி வந்தது.

கொட்டலசு.
எந்தக் கேனில், எந்தச் சனிக்கிழமை,
தூசியிலும் சின்னதாய் ஏறி வந்ததோ.
ஆணித் துளையையும் பார்க்கவில்லை, கல்லையும் பார்க்கவில்லை,
வெறும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.
ஒருதரம் ஒட்டினால் பிறகு அசையாது.
நான் இந்த ஊருக்கு மாற்றலில் வந்து பதினோராவது வருடம்,
இன்னும் ஒப்பந்தத்தை ஆறுமாதத்துக்கே எழுதுகிறேன்.

சித்திரையில் நிப்ராஸ் வந்தான்.
பொலித்தீன் பையில் கோமாளி மீன் இரண்டு,
மூக்கு நுனி பையில் முட்ட.
தொட்டியை நல்லாய்ச் சுற்றிப் பார்த்தான்.
"என்ன இது, இதெல்லாம் நாங்க தோணியில
சுரண்டி எறியிற சாமான்" என்று
சட்டைப்பையில் பிளேடு தேடினான்.

அது இருக்கட்டும் என்றேன்.
அதுதான் முதல் ஆள் என்றேன்.
சிரித்தான், காசை எண்ணினான், போய்விட்டான்.

பை மிதக்கிறது. அரைமணி பொறுக்க வேண்டும்.
ஒவ்வொரு கோப்பையாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விடுகிறேன்.
அங்கே பின்னால் அந்தக் கை
யாரையும் வரவேற்காமல், யாரையும் துரத்தாமல்
வாரிக்கொண்டே இருக்கிறது.
ஒரு சொட்டெடுத்து ஜன்னலுக்குத் தூக்கினேன்.
இருபத்தாறு.
வெயில் குடித்திருக்கிறது.
கொஞ்சம் நல்ல தண்ணீர் விட வேண்டும்.