மிதவை

என்னை எழுப்பியது சத்தமல்ல.
சத்தம் நின்றது.

ஏப்ரல் மூன்றாம் வாரம்,
வின்னிபெக்கின் தெற்கு ஓரம்.
ஐந்து மாதப் பனி
கூரையிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும்
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி
மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.
நிலவறையின் வடமூலையில் ஒரு குழி,
குழிக்குள் ஒரு மோட்டார்.
ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை
ஓர் உறுமல், ஓர் உறிஞ்சல்,
முடிவில் குழாய்க்குள் தடுப்பிதழ்
டக்கென்று விழும்.
அந்த டக்கைப் பிடித்துக்கொண்டுதான்
இரண்டு வாரமாகத் தூங்கினேன்.

அன்று டக் வரவில்லை.
பத்து நிமிடம். பன்னிரண்டு.
மின்வெட்டோ என்று தலையைத் திருப்பினால்
கடிகாரத்தில் பச்சையாய் மூன்று பத்து.
கரண்ட் இருக்கிறது.
அப்படியானால் கோளாறு கீழேதான்.

பதினோரு படிகள்.
பத்தாவதில் நின்றுவிட்டேன்.
பதினொன்றாவது பளபளத்தது.

கார்னீலியஸ் சொல்வான்:
"ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காதே."
பத்தொன்பது வருடம்
நானும் கை வைக்கவில்லை.
அவன் கெலோனாவுக்குப் போனபோது
படகை எடுத்துக்கொண்டான்,
தோசைக்கல் போலிருந்த நல்ல இரும்புச் சட்டியையும்.
மோட்டாரை விட்டுப்போனான்.
அதன்பிறகுதான் படித்தேன்,
அட்டைப்பெட்டியின் அடியில்
பிரிக்கப்படாமலே கிடந்த கையேட்டை:
வருடத்துக்கொருமுறை
ஒரு வாளித் தண்ணீர் ஊற்று.
மிதவை எழுகிறதா பார்.
அவ்வளவுதான்.
மூன்று மார்ச் மாதங்கள் ஊற்றினேன்.
இந்த மார்ச்சில் மட்டும்
பள்ளிப் பேருந்து இரண்டு தடத்துக்கும் நானே ஓட்டுநர்.
நாளைக்கு, நாளைக்கு.
வாளி குழியருகிலேயே இருந்தது,
இப்போது மிதந்துகொண்டிருந்தது.

தண்ணீருக்குள் கால் வைக்கவில்லை.
படியில் உட்கார்ந்து
மகனின் பழைய ஹாக்கி மட்டையை நீட்டினேன்.
காய்ந்த மரம்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குழியைத் துழாவினேன்.
ஒரு கறுப்பு ஒயர் தொய்ந்து
மிதவையின் தலைமேல் கை போட்டிருந்தது,
எழ விடாமல், அன்பாகப்போல.
ஒரு நெம்பு.
உறுமியது.
எனக்கு அழுகை வந்தது,
அதைவிடச் சிரிப்பு.
வரித்தாள்கள் போயின. அக்கார்டியன் ஊறிவிட்டது.
உறைபெட்டி தப்பியது, நான்கு செங்கல் உயரத்தில்.

தூக்கம் போனது போனதுதான் என்று
பூட்ஸ் மாட்டி வெளியே போனேன்,
இந்தத் தண்ணீர்
எங்கேதான் போகிறது என்று பார்க்க.
இத்தனை வருடத்தில் முதல் தடவை.

குழாய் சுவரிலிருந்து
இரண்டு முழம் நீண்டு நின்றுவிட்டது.
கொட்டிய நீர்
என் கண்ணெதிரே திரும்பி
அஸ்திவாரத்தோடு ஒட்டி
மண்ணுக்குள் நழுவியது.
அங்கிருந்து குழிக்கு,
குழியிலிருந்து மோட்டாருக்கு,
மோட்டாரிலிருந்து மறுபடி இங்கே.
அதே தண்ணீர்!
ஒரே தண்ணீரை
பத்தொன்பது வருடமாக இறைத்திருக்கிறோம்.
இரவு முழுக்கப் பேசியும்
காலையில் அதே இடத்தில் நின்ற பேச்செல்லாம்
அந்தக் குளிரில் நினைவுக்கு வந்தது.
கொஞ்ச நேரம்தான். கை விறைத்தது.

காலை ஏழரைக்குக் கடை வாசலில் வரிசை.
எல்லார் கையிலும் புது மோட்டார்.
கல்லாவில் மரிவிக் கேட்டாள்,
"உனக்கு வெறும் குழாய் மட்டும்தானா?"
"பதினைந்தடி," என்றேன்,
"ஒயரைக் கட்ட நாலு கிளிப்பும்."
பக்கத்து வீட்டு லெசியா
மண்வெட்டியோடு வந்து
சுவரோர மண்ணை வெளிப்பக்கம் சரியவிட்டாள்.
தன் வீட்டுக் குழாயைப் பார்க்கவில்லையாம்,
பார்க்கப் பயமாம்.
நாளை பார்க்கலாம் என்றாள்.
அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே என்று
அப்போதே இழுத்துக்கொண்டு போனேன்.

இப்போது தண்ணீர்
வாய்க்காலுக்குப் போகிறது, தெருவைத் தாண்டி,
ஆற்றுக்கு, அதன் வேலை அது.
ஆறு நிமிடம்
இருபத்திரண்டு நிமிடமாகிவிட்டது.
படுத்துக் கேட்கிறேன்.
இவ்வளவு நீண்ட அமைதி பழக்கமில்லை.
இருபது. இருபத்தொன்று.
வாளி மட்டும் கட்டிலடியில்,
நிரப்பி.