குதி

பின்னால் யாரோ உதைத்தார்கள் என்றுதான் நினைத்தேன்.
திரும்பினேன்.
வெள்ளைக் கோடும் சுவரும் மட்டும்.
வலைக்கு அந்தப் பக்கம் றக்கற்றை இறக்கிவிட்டுத் தர்மினி
"என்னடி அது சத்தம்?" என்றாள்.
அவளுக்கும் கேட்டிருக்கிறது.

நாற்பத்து மூன்று வயதில்,
வங்கிகளுக்கிடையிலான போட்டியில்.
அரையிறுதி கூட இல்லை.

தாதி சிங்களத்தில் இரண்டுதரம் கேட்டு உறுதிசெய்து
இடது காலில் பேனாவால் ஓர் அம்பு வரைந்தாள்.
முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
மேலே மிச்சமிருந்த நான்
கிரிக்கெட் ஸ்கோர் பேசிக்கொண்டே அவர்கள் தைப்பதைக்
கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

பிறகு பூட்.
சாம்பல் நிறம், ஐந்து பட்டி, குதியின் கீழ் நான்கு ஆப்பு.
கிழமைக்கு ஒன்றாய் உருவவேண்டும்.
அரை அங்குலம் அரை அங்குலமாய்
நான் தரைக்கு இறங்கிய மாதம் அது.
மூன்றாவது ஆப்பை மகன் எடுத்து
ஆடுகிற கரம் மேசைக்கு முட்டுக்கொடுத்தான்.

பூட்டைக் கழற்றினால்
கெண்டைக்கால் யாருடையதோ.
பக்கத்து வீட்டுப் பன்னிரண்டு வயதுப் பெடியனிடம்
கடன் வாங்கியது போல.

பிசியோ சுஹைரா மேசை விளிம்பைப் பிடிக்கச் சொன்னாள்.
"குதியத் தூக்குங்க."
தூக்கினேன்,
என்று நான்தான் சொல்கிறேன்.
போதிய நிதி இல்லை என்று திரும்பிய காசோலை.
எத்தனை பேருக்கு நான் அதை நீட்டியிருக்கிறேன்,
முகத்தைப் பார்க்காமல்.

"ஒத்தக் கால்ல இருபத்தஞ்சு வந்தாத்தான் ஓடலாம்."
"எப்ப வரும்?"
"வரக்கொள்ள வரும்."

விடியமுன்னம் கோட்டை வாசலால் நுழைந்து
கோணேசர் கோயிலுக்கு ஏறும் தார் வீதி.
ஏற்றம் பரவாயில்லை. இறக்கம்தான் கணக்குக் கேட்கும்.
மேலே யாரோ தேங்காய் உடைக்க
நின்ற இடத்தில் குனிந்து
குதியைப் பொத்திப் பிடித்தேன்.
கடை திறந்துகொண்டிருந்தவன் பார்த்துவிட்டு
பார்க்காததுபோல் தொப்பிகளை அடுக்கினான்.
வெள்ளிக்கிழமைகளில் போவதை விட்டேன்.

மரத்தடியில் மான்கள்,
யாரோ எறிந்த சாப்பாட்டுத் தாளை நக்கிக்கொண்டு.
பின்னங்காலின் நடுவே பின்பக்கமாய் மடிகிறதே,
அது முழங்கால் இல்லையாம். அதுதான் குதியாம்.
சுஹைரா சொன்னதிலிருந்து
வேறெதையும் பார்க்க முடியவில்லை.
பிறந்த நேரம் முதல் நுனிக்காலில் நிற்கிற சாதி.
ஒரு நாய் குரைத்தது.
மதிலோரம் கிடந்த கலைமான் எழும்பிப் பாய்ந்தது.
அதன் நாணுக்காக
நான் மூச்சைப் பிடித்தேன்.
ஒன்றும் ஆகவில்லை.
அந்தப் பக்கம் போய் இன்னொரு தாளை நக்கியது.

பத்தொன்பதாம் கிழமை, ஒன்று.
மேசையும் பிடித்து, உதடும் கடித்து,
கதவின் கீழால் ஒரு கடிதம் நுழையுமளவு.
இருபத்து நான்கில் பதினொன்று.
பிறகு மாரி முழுக்கப் பதினொன்று.

தையில் மழை விட்டதும்
டச்சுக்குடாவில், ஈரம் இறுகிய மணல் விளிம்பில்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு
சுஹைரா சொன்னாள்:
"குதிங்க."

தமிழில் ஒரே சொல்.
இத்தனை மாதமும் பெயர்ச்சொல்லாகவே கிடந்தது.
தைத்தது, வீங்கியது,
தலையணையில் உயர்த்தி வைத்தது.

அலை ஒன்று வந்து போனது. இன்னொன்றும்.
பந்தெடுக்க வந்த பெடியள்
கம்பத்தைச் சுற்றுவதுபோல் என்னைச் சுற்றி ஓடினார்கள்.
அவள் மூன்று எண்ணினாள். நான் நின்றேன்.
மறுபடி எண்ணினாள்.
ஆறாவது மூன்றிலோ ஏழாவது மூன்றிலோ
இரண்டு காலும் மண்ணை விட்டன.
ஒரு விரற்கடை. அதுகூட இல்லை.

இறங்கியதும் காது கொடுத்தேன்.
கடல்தான்.
கீழே இரண்டு தடம்.
வலது, ஆழம்.
இடது, வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனவளுடையது.

ஞாயிறு தர்மினி ஆடுகளம் எடுத்திருக்கிறாள்.
ஸ்கோர் எழுத வருகிறேன் என்றிருக்கிறேன்.
றக்கற்றின் பிடிக்குப் புது நாடா சுற்றியாயிற்று.
அதைச் சொல்லவில்லை.