மூன்றாம் வளைவு

குளிர்பெட்டிக் கதவில் இரண்டு கலண்டர்.
ஒன்று சங்கக்கடை தந்தது.
ராகுகாலம், கரிநாள், சுபமுகூர்த்தம்.
பதினெட்டாம் திகதியில் என் கையால் ஒரு வட்டம்:
கஸ்தூரியார் வீதிக்குப் போய்
கொடியை மீட்கிற நாள்.
மற்றது மகன் அச்சிட்டு ஒட்டியது.
உலகம் முழுக்க இருபத்துநாலு காரோட்டம்,
இருபத்துநாலு கொடி.
ஏப்ரலில் வருகிற ஒன்றுக்குப் பக்கத்தில் மட்டும்
"அப்பா" என்று பச்சை மையால் எழுதியிருக்கிறான்.

அப்பா கார் ஓட்டுகிறவர் இல்லை.
வளைகுடாப் பாலைவனத்தில் ஓடுபாதை வளைவுகளில்
பழைய டயர்களை அடுக்கி
ஆறாறாய்ச் சேர்த்து ஆணி முறுக்கி
மதில் கட்டுகிறவர்.
முந்நூறில் வருகிற கார் பிசகினால்
வந்து விழ ஒரு மெத்தை.
அபிசரன் வகுப்பில் சொல்லும்போது
அது ஏறக்குறைய மந்திரி உத்தியோகம்.

செவ்வாய் இரவு அறிவித்தார்கள்.
"பிராந்தியத்தின் தற்போதைய நிலைமையைக் கருத்தில் கொண்டு."
எனக்கு இந்த வசனத்தை நெடுநாளாய்த் தெரியும்.
இதைச் சொல்லித்தான் சோதினையைத் தள்ளிவைத்தார்கள்,
கப்பலை வராமல் விட்டார்கள்,
என் சாமத்தியச் சடங்குக்கு
கொக்குவில் முழுக்கத் தேடியும்
ஒரு போத்தல் சோடா இல்லாமல் போனது.
அப்போது பிராந்தியம் என்றால்
நாங்கள்.

மகன் கணக்குப் பார்க்கிறான்.
வான்வழி பூட்டு. எஞ்சின் ஒரு விமான நிலையத்தில்,
சில்லுகள் நடுக்கடலில்.
இருபத்துநாலில் ஒன்று போனால்,
அடுத்ததும் போனால்,
அவனுடைய ஓட்டக்காரனுக்கு எத்தனை புள்ளி நட்டம்?
அதே மேசையில், அதே பேனையால்
நானும் கணக்குப் பார்க்கிறேன்.
பவுணுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு,
வட்டி தவறினால் வட்டிக்கு.

"அந்தக் கார்களுக்கு எண்ணெய்
ஆய்வுகூடத்திலை செய்யிறது, தெரியுமோ அம்மா?"
தெரியாது.
எனக்குத் தெரிந்த கார்கள்
ஊசிக்குழாயால் நாலு சொட்டுப் பெற்றோல் குடித்து
இருமிக் கிளம்பி
மிச்சத் தூரம் மண்ணெண்ணெயில் போனவை.
"எவ்வளவு வேகம்?"
ஊரடங்குக்கு முதல் வீடு சேருகிற வேகம், ராசா.
அவன் அதை எங்கும் எழுதிக்கொள்ளவில்லை.

வியாழன் விடிய நாலரைக்கு அழைப்பு.
திரையில் முகம் இல்லை,
தாரும் வெள்ளைக்கோடும் ஒரு சப்பாத்து நுனியும்.
"சைரன் அடிச்சவுடனை எல்லாரும் ஓடுறாங்கள்.
நேபாளப் பெடியன் ஒருத்தன், புதுசு,
எங்கை ஓடுறதெண்டு தெரியாமல் நடுப்பாதையிலை நிக்கிறான்.
இழுத்துக்கொண்டு போய்
டயருக்குப் பின்னாலை படுத்திட்டன்.
காதைப் பொத்து, வாயைத் திற எண்டு சொன்னன்.
தமிழிலைதான் சொன்னன்.
அவனுக்கு விளங்கீட்டுது."

பிறகு சிரிக்கிறார்.
"நல்ல மதில். நாலடுக்கு.
எங்கடை வளவிலை வெட்டின பங்கரிலும் திறம்."
அந்தப் பங்கரின் மூடிக்குத் தறித்த பனைகளை
அவர் இன்னும் பெயர் சொல்வதுபோல எண்ணுவார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன்.
வேறு என்ன கேட்பது, விடிய நாலரைக்கு.

கொம்பனியின் கடிதம் பின்னால் வந்தது.
ஓட்டம் இல்லை, ஆகவே ஓட்டநாள் காசு இல்லை.
கட்டினதைக் கழற்ற வேண்டும்,
அதற்கு அரைச் சம்பளம்.
வருட முடிவில் வைத்தாலும் வைப்பார்களாம்
என்று மகன் நம்புகிறான்.
பச்சை மை "அப்பா"வை அழிக்காமல்
அம்புக்குறி ஒன்று போட்டு
கீழே டிசம்பர் வரைக்கும் இழுத்திருக்கிறான்.
அம்புக்குறி மற்ற நாடுகளுக்கு மேலால் போகிறது.
என் வட்டத்தை நான் எங்கே இழுப்பது?
அடகுக்கடைக்காரர் பொறுக்கிறது ஒரு மாதம்.

நேற்றுக் கேட்டேன்,
கழட்டி முடிஞ்சுதோ?
"முடிஞ்ச மாதிரித்தான்.
மூண்டாம் வளைவை மட்டும் கழட்டேல்லை.
சூப்பர்வைசரும் கண்டும் காணாத மாதிரி.
அவரும் இப்ப ராவிலை
அங்கைதான் வந்து படுக்கிறவர்."