எட்டிலிருந்து ஒன்று வரை

படுக்கையறை ஜன்னல் திறக்கவில்லை என்று
கிரிம்ஸ்பி வீட்டுவசதி அலுவலகத்துக்கு
இதுவரை ஆறு கடிதம்.
ஆறிலும் விண்டோ, விண்டோ, விண்டோ.
எழுதி எழுதி அந்தச் சொல்
சாறு போன கரும்புச் சக்கையாகிவிட்டது.

ஏழாவதற்குத் தொலைபேசியில் பதில்.
"செவ்வாய்க்கிழமை, எட்டிலிருந்து ஒன்று வரை
உங்களுடைய விண்டோ."
ஜன்னலைச் சரிசெய்ய
எனக்கு ஒரு ஜன்னல் கொடுத்திருக்கிறார்கள்.
அதையும் வெளியிலிருந்துதான் திறக்க முடியும்.

மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட்.
இருபது நிமிட இடைவேளையில் கையுறையைக் கழற்றி
கைபேசியில் அந்தச் சொல்லின் பூர்வீகம் தேடினேன்.
கோபத்தில்தான். எவன் வைத்த பேர் இது என்று.

நீள்படகில் வந்திறங்கிய வடதிசைக்காரர்கள்
வீட்டில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்களாம்.
கண்ணாடி கிடையாது. பெயர், காற்றுக்கண்.
அவர்களுக்கு முன் இங்கிருந்தவர்கள்
கண்துளை என்றிருக்கிறார்கள். அந்தச் சொல் செத்துவிட்டது;
அதன் உடன்பிறப்பு மூக்குத்துளை மட்டும்
இன்றும் ஆங்கிலத்தின் முகத்தில் மூச்சு விடுகிறது.

காற்றின் கண்.
கண் என்பது ஏழாம் வேற்றுமை உருபு என்று
பத்தாம் வகுப்பில் எழுதி அரை மதிப்பெண் வாங்கியவள் நான்.
சேர்த்து எழுதினால், காற்றில்.
பிரித்தால், காற்று என்னைப் பார்க்கிறது.

நம்மிடமும் இருந்தது. காலதர்.
கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி.
பலகணி என்றும் ஒன்று, பல கண்.
இரண்டையும் பரண்மேல் போட்டுவிட்டு
போர்த்துகீசியக் கப்பலில் வந்த ஜன்னலைச்
சுவரில் மாட்டிக்கொண்டோம்.
குறை சொல்லவில்லை. திருவாரூரில் அது
நன்றாகத்தான் திறந்தது.

செவ்வாய். எட்டு. ஒன்பதரை.
சட்டத்தின் மூலையில் கறுப்புப் பூஞ்சை
ராத்திரி இருந்ததைவிட ஒரு விரற்கடை கூடுதல்.
எதிர்வீட்டு மாடியில் செங்கல் வைத்து அடைத்த ஜன்னல்;
ஜன்னலுக்கு வரி போட்ட காலத்தில் மூடினார்களாம்.
வரி போயிற்று. செங்கல் போகவில்லை.
பன்னிரண்டு.
ஒன்று ஐந்துக்குக் குறுஞ்செய்தி:
பணியாளர் கெய்த் ஓல்டர்ஷா வர இயலவில்லை.
உங்கள் விண்டோ முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு போஷெனா, என் ஷிஃப்ட்காரி,
மீன் வயிறு கிழிக்கும் கத்தியோடு வந்தாள்.
நடந்ததைச் சொல்லி முடிக்க
எங்கள் இருவரின் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் போதவில்லை.
கண்ணாடியைத் தட்டி "ஓக்னோ" என்றாள்.
பிறகு தன் இமையைத் தொட்டு, "ஓகோ."
எதற்கு வியக்கிறாள் என்று ஒரு கணம் விழித்தேன்.
போலந்தில் கண்ணுக்கே அதுதான் பெயராம்.
ஓகோ, என்றேன் நானும்.

எத்தனையோ வாடகைக்காரர்கள் அடித்த வெள்ளைப் பெயிண்ட்
செதில் செதிலாக உரிந்தது.
முக்கால் மணி நேரம். அவள் கட்டைவிரலில் ரத்தம்.
சட்டம் ஒரு முறை முனகியது.

உப்பு, மீன், டீசல்,
ஹம்பர் கழிமுகம் மொத்தமும் உள்ளே வந்து
ஆறு கடிதங்களின் நகலையும் மேசையிலிருந்து தள்ளியது.
இருவர் கண்ணிலும் நீர்.
குளிருக்கு, என்றாள்.
ஆமாம், குளிருக்கு.

சாயங்காலம் ஒரு படிவம் வந்தது.
உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?
ஆம், இல்லை. இரண்டு சின்னச் சதுரம்.
எதையும் தொடாமல் கைபேசியைக் கவிழ்த்துவைத்தேன்.
போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.
இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும்.