பூனை இல்லாத வீட்டுக்கு மணல்

ஒஸ்த்ராவாவில், டிராம் பணிமனைக்கு எதிரே
நாய் பூனைத் தீனி விற்கும் கடை.
கல்லாவில் நான்.

மார்ச் பிறந்ததும் வந்துவிடுவார் ஹெட்விகா வஷூதோவா,
எட்டாம் எண் டிராமின் ஓட்டுநர்.
பூனைமணல் இரண்டு மூட்டை,
வாசனை கலக்காதது,
சுட்ட களிமண் மட்டும்.

பூனைக்கு என்ன பெயர் என்று ஒருமுறை கேட்டேன்.
சற்று யோசித்து, "ஹாப்ர்" என்றார்.
ஹாப்ர் எங்கள் பக்கத்துக் காட்டு மரம்.
மரத்தின் பெயரை யார் பூனைக்கு வைப்பார்கள்?
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

இந்த வருஷம் அந்தச் சரக்கு இல்லை.
வேறு கம்பெனி மூட்டையைத் தள்ளிவிட்டேன்,
எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி.

மறுநாள் காலை, சீருடையோடு,
கையில் ஒரு தயிர்க் கிண்ணம்.
நனைத்து, ராத்திரி முழுக்க உறையவிட்டு
எடுத்து வந்திருக்கிறார்.
உள்ளே கூழ்.
"எல்லாம் ஒன்றா?"
குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

கிடங்கு மூலையில் வாய் கிழிந்த பழைய மூட்டை ஒன்று அகப்பட்டது.
கடையடைத்துத் தூக்கிப் போனேன்.
நாலாம் மாடி, லிஃப்ட் பழுது.

பால்கனியில் கொத்தனார் கம்பிவலை,
மாவுச் சல்லடை, டீ வடிகட்டி.
அவர் சலிக்கச் சலிக்க
கடலை, மிளகு, கடுகு என்று விலகியது மணல்.
கடைசியில் புகை மாதிரி ஒரு தூள்.

கடலை, இரண்டு ஆள் தூக்க வேண்டிய அந்த ஹாப்ருக்கு.
ஆழத் தொட்டி அது,
தண்ணீர் இறங்கி ஓட வேண்டும்
காற்று அதன் பின்னாலேயே நுழைய வேண்டும்.
நொய்யைப் போட்டால் அடியில் குளம் கட்டும்,
வேர் கறுத்து நாறும்.
மிளகு, முழங்கை உயர மேப்பிளுக்கு.

கடுகு யாருக்கென்று தேடினேன்.
முட்டையோடு அளவுச் சட்டியில்
ஒரு லார்ச், விரல் உயரம்.
"இதில் கடலையைப் போட்டால் மூன்றுதான் கொள்ளும்.
மிச்சமெல்லாம் ஓட்டை.
நான் மதிய ஷிஃப்ட் முடிப்பதற்குள் காய்ந்துவிடும்."

"அப்போ அளவு, மரத்துக்கா சட்டிக்கா?"
"நான் வீடு திரும்பும் நேரத்துக்கு."

தூளை என்ன செய்வீர்கள் என்றேன்.
பூனை இருந்தால் அதற்குப் போடலாம் என்றார்,
சிரிக்காமல்.

இப்போது புதிய சரக்கு எது வந்தாலும்
ஒரு கிண்ணம் நனைத்து உறையவைத்துப் பார்க்கிறேன்.
கரையாத மூட்டையில்
பென்சிலால் 'ஹாப்ர்' என்று எழுதி
அலமாரிக்கு அடியில் ஒதுக்கியிருக்கிறேன்.
முதலாளி நேற்று குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்,
யார் வீட்டுப் பூனை இது என்று.