குரல் முந்தி, உதடு பிந்தி

"கோட்டைக்கல்லாறு, பாலம் தாண்டினதும் பச்சைக் கேற்.
ரீவியில ஒரு பழுதும் இல்ல தம்பி,
அவளுக்குத்தான் மனப்பிராந்தி.
வந்து ஒருக்கா நீங்களே சொல்லிப்போட்டுப் போங்க"
என்றார் புவனசிங்கம், போனில்.

பழுதில்லை என்று சொல்வதற்கு
எவ்வளவு கூலி கேட்பது?
கல்முனையில் பெற்றோல் அடிக்கும்போதே யோசித்தேன்.

கமலவேணி கூட்டுறவுச் சங்கத்தில் காசாளர்.
ஒன்பது வயதில் வந்த காய்ச்சலோடு
வலக்காது பூச்சியம், இடக்காது அரைவாசி.
மிச்சத்தை உதட்டில் வாசிப்பவர்.

"செய்தி சொல்ற பிள்ள
வாயத் திறக்க முதலே கதைக்கத் தொடங்கிறா.
இவருக்கு விளங்காது.
இவர் பாக்கிறது அவட சாறிய."
புவனசிங்கம் தேத்தண்ணி போட எழும்பிப் போனார்.

இந்த முறைப்பாட்டில் பாதி எனக்கு
டப்பிங் நாடகங்களால் வரும்.
தெலுங்கில் அழுகிற வாய்க்குத் தமிழில் அழுகிற குரல்.
அதற்கு ரிமோட்டில் பொத்தான் இல்லை என்று
சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.
இது அப்படியல்ல.

டெக்கோடரில் வழி இரண்டாய்ப் பிரிகிறது.
குரல் பழைய அம்பிளிபயர் வழியாக
உடுத்த சாரத்தோடு ஓடி வருகிறது.
படமோ புது ரீவிக்குள் போய்
முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை இழுத்து,
இன்னொரு தடவை கண்ணாடி பார்த்து
ஆறுதலாகத்தான் வாசலுக்கு வருகிறது.

முதலில் அலங்காரத்தைக் குறைத்தேன்,
வழுவழுப்பு, மினுமினுப்பு எல்லாவற்றையும் அணைத்து.
அப்படியும் குரல்தான் முந்தியது.
பிந்தி வருகிற படத்தை இழுத்து வர ஏலாது.
முந்தி வருகிற குரலை
மறித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

நாற்பது மில்லிசெக்கன். அறுபது.
என் போனில் அளவுகருவி ஒன்று இருக்கிறது:
ஒரு வெள்ளை மின்னல், ஒரு டொக்.
எழுபதில் அது சரி என்றது.
"இல்ல, இன்னும் ஒரு நூலிழை" என்றார் கமலவேணி.
எண்பத்தைந்து.
"கூடிப்போச்சு."
எண்பது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
செய்தி முழுக்கப் பார்த்தார், வானிலை வரைக்கும்.
மட்டக்களப்பில் மழை என்று அந்தப் பிள்ளை சொல்லும்போது
உதடு ஒட்டிய இரண்டு இடத்திலும்
மகரம் வந்து குந்தியது.
என் போன் எப்போதும் பத்து பிந்தும் என்பது
பிறகுதான் ஞாபகம் வந்தது.

ரீவியை அணைத்தேன். வயர்களைக் கட்டுவதற்காக
அதன் முன்னால் குந்தியிருந்தேன், அவருக்கு முதுகைக் காட்டி.
வாய்க்குள்ளேயே கணக்குப் பார்த்தேன், சத்தமில்லாமல்:
பெற்றோல் அறுநூறு, வேலை ஆயிரம்,
பச்சைக் கேற், புது ரீவி,
மூவாயிரம் கேட்டாலும் தருவாங்க.

"ரெண்டு காணும்" என்றார் பின்னாலிருந்து.

திரும்பிய பிறகுதான் பிடிபட்டது.
இவ்வளவு நேரமும் அவர் பார்த்தது என் முதுகை அல்ல,
அணைந்த திரையின் கறுப்புக்குள்
அசைந்துகொண்டிருந்த வாயை.

தேத்தண்ணியோடு வந்த புவனசிங்கம்
"என்னவாம்?" என்றார்.
"பழுதுதான் ஐயா. எண்பது மில்லிசெக்கன்."
"அது எவ்வளவு?"
"கண் ஒருக்கா வெட்ட முதல் முடிஞ்சிரும்."
அவர் மனைவியைப் பார்த்தார்.
பிறகு அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தார்.
இருபத்திரண்டு வருசம் தான் முணுமுணுத்த
ஒவ்வொரு இடமாக
பஸ் ஜன்னல், கிணற்றுத் தண்ணீர், ஸ்டூடியோப் படத்தின் பிரேம் என்று
யோசித்துக்கொண்டு போகிறவர்போல
மெதுவாகத் தட்டை மேசையில் வைத்தார்.
ஒரு கோப்பை கொஞ்சம் சிந்தியது.

இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு பாலத்தில் நின்றேன்.
தோணியில் ஒருவர் மீன் கலைக்க
கோலால் தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தார்.
கோல் விழுந்து, அவர் அதைத் திரும்ப எடுக்கும்போதுதான்
சளார் என்று இங்கே கேட்டது.
முன்னூறு இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
யாரும் பார்க்கவில்லை.
இருந்தாலும்
ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான்
சொன்னேன்.